மவுண்ட் ரோட்டில் ஓர் இருக்கை

சென்னை மவுண்ட் ரோட்டுத் திரையரங்குகள் காலமாகிவிட்டன. எல்லாம் ஒரே நாளில் போயிருந்தால் ஊர் கூடி அழுதிருக்கும். தவணை முறையில் செத்ததால் யாருக்கும் அழத் தோன்றவில்லை. நியூ எல்பின்ஸ்டன் ஒரு தலைமுறையின் கண் முன்னால் போனது, சஃபையர் அடுத்த தலைமுறையின் கண் முன்னால். வெலிங்டன், பாரகன், பிளாசா, அலங்கார், கெயிட்டி, ஆனந்த் என்று வரிசையாகக் கண்மூடின. 2016 மே மாதம் சாந்தியும் கதவைச் சாத்தியது. ஒவ்வொரு சாவுக்கும் நாளிதழில் ஒரு செய்தி வந்தது, பழைய ரசிகர்கள் சிலர் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் தகரத் தடுப்பு போட்டார்கள்.

தேவி இருக்கிறதே, 1941-இல் பிறந்த காசினோ இன்னும் ஓடுகிறதே, அதற்குள் இரங்கல் எதற்கு என்று கேட்கலாம். குடும்பத்தில் ஒருவர் இருவர் மிஞ்சியிருந்தாலும், அந்தக் குடும்பம் ஊரில் வகித்த இடம் போய்விட்டது. நகரத்தின் நடுத்தெருவில், அரசு அலுவலகங்களுக்கும் பெரிய கடைகளுக்கும் இடையில், கையில் சில்லறை மட்டுமே உள்ளவனும் மூன்று மணி நேரம் உரிமையோடு உட்கார ஓர் இடம் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த இருக்கைக்கான இரங்கல்.

முதலில் வம்சாவளி. 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். இரண்டே ஆண்டுகளில் அது தபால் துறையின் கைக்குப் போனது. மவுண்ட் ரோட்டின் இன்றைய பெயரான அண்ணா சாலையில், தலைமை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் போய் வரும் அந்தப் பழைய கட்டடம்தான் அது. எலெக்ட்ரிக் வந்த அடுத்த ஆண்டு, 1914-இல், ரகுபதி வெங்கையா கெயிட்டியைத் திறந்தார். மவுண்ட் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு கெயிட்டி. அவரே தங்கசாலைத் தெருவில் கிரௌனையும் புரசைவாக்கத்தில், பின்னாளில் ராக்ஸி என்று பெயர் மாறிய குளோபையும் கட்டினார். தென்னிந்திய சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதற்கு வீடு கட்டி வைத்த மனிதர் அவர்.

நியூ எல்பின்ஸ்டன் வேறு ரகம். அங்கே படம் பாதி, ஜாஃபர் ஐஸ்கிரீம் பார்லர் பாதி. ஐஸ்கிரீம் என்பதே பலருக்கு ஒரு செய்தியாக இருந்த காலத்தில், கோட்டு போட்டவர்கள் நீளக் கரண்டியால் அதைச் சாப்பிடுவதை மற்றவர்கள் பார்த்தார்கள். அந்த மனையில் இன்று ரஹேஜா வளாகம் நிற்கிறது.

சாந்தி 1961-இல் வந்தது. ஜி. உமாபதி கட்டியது, பிறகு சிவாஜி கணேசன் குடும்பத்துக்குக் கைமாறியது. முழுக்கக் குளிரூட்டப்பட்ட டீலக்ஸ் தியேட்டர் என்பது அன்றைய சென்னைக்குப் புதிது. வெயிலில் காய்ந்து வரிசையில் நின்று, உள்ளே போனதும் முதல் குளிர் முகத்தில் படுவது டிக்கெட் காசில் பாதிக்கு ஈடு என்று சொல்வார்கள். ‘பாவ மன்னிப்பு’ அங்கே வெள்ளிவிழா கண்டது. உமாபதி அதோடு நிற்கவில்லை. ஆனந்தைக் கட்டினார், அதற்குத் துணையாக லிட்டில் ஆனந்தையும்.

1964-இல் சஃபையர் திறந்தபோது அங்கே முதலில் ஓடியது ‘கிளியோபாட்ரா’. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். மல்டிபிளெக்ஸ் என்ற பேச்சு இந்தியாவில் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே சென்னை அதைப் பார்த்துவிட்டது. 1970-இல் தேவி வளாகம் வந்தது. தேவி பாரடைஸுக்குப் படிக்கட்டில் ஏறாமல் சுழன்று சுழன்று சரிவுப் பாதையில் மேலே போவதே குழந்தைகளுக்குப் பாதிப் படம். 1974-இல் ராயப்பேட்டைப் பக்கம் சத்யம் சேர்ந்துகொண்டது. ஒரு மனிதன் காலையில் அண்ணா சிலை அருகே பேருந்தை விட்டு இறங்கி, இங்கே டிக்கெட் இல்லையென்றால் அங்கே, அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்தது என்று நடந்தே தேடி, எப்படியும் ஓர் இருட்டுக்குள் புகுந்துவிட முடிந்த காலம் அது.

இவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது புளூ டைமண்ட். அங்கே தொடர்காட்சி. காலையில் ஆரம்பித்தால் இரவு வரை அதே படம் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். படத்தின் நடுவில் நுழைந்தவர்கள் கிளைமாக்ஸை முதலில் பார்த்து, பிறகு ஆரம்பத்துக்கு வந்து, தாங்கள் நுழைந்த காட்சி திரும்ப வந்ததும் எழுந்து போவார்கள். எழுந்து போகாமலும் இருக்கலாம், யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டால் யார் பிழைத்தார்கள் என்பதைப் பட்டியல் போட்டால் அந்தக் காலச் சென்னையே வந்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வரும் நேரத்துக்காகக் காத்திருக்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. நேர்முகத் தேர்வு காலையிலேயே முடிந்துவிட, ஊருக்கு ரயில் இரவுதான் என்பதால் நடுவில் ஒரு முழு மத்தியானத்தைக் கழிக்க வேண்டிய வேலையில்லாப் பட்டதாரி. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள். பூங்காவில் உட்கார்ந்தால் போலீஸ்காரர் வந்து ஊர், பேர் கேட்பார் என்று பயந்த காதலர்கள். கத்திரி வெயிலில் நடக்க முடியாதவர்கள். இவர்களில் எத்தனை பேர் திரையைப் பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி, கொஞ்சம் குளிர், கேள்வி கேட்காத இருட்டு.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து, ஓர் அறையை மூன்று நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டவர்கள். அறை என்பது தூங்கவும் துணி காயப்போடவும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் அந்த அறைக்குள் இருக்க முடியாது. எனவே மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வாலாஜா ரோடு வழியாக நடந்து வருவார்கள். மவுண்ட் ரோட்டுத் தியேட்டர்கள்தான் அவர்களுக்கு வீட்டுக் கூடம். எழும்பூரில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டிய வெளியூர்க்காரருக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரி, கோர்ட், தலைமைச் செயலகம் என்று வந்த காரியம் முடிந்ததும், முடியாவிட்டாலும், ஒரு படம் பார்த்துவிட்டுப் போவார். ஊரில் போய் “சாந்தியில பார்த்தேன்” என்று சொல்வதற்கு ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதைக்கும் காரணம் உண்டு. படச்சுருள் பிரதி விலை உயர்ந்த சரக்கு. ஒரு புதுப்படத்துக்குச் சென்னை நகரில் மூன்று நான்கு பிரதிகள்தான் ஓடும். மவுண்ட் ரோட்டில் ஒன்று, வடசென்னையில் ஒன்று, புரசைவாக்கம் பக்கம் ஒன்று என்று பிரித்துக்கொள்வார்கள். சிவாஜி படமென்றால் விளம்பரத்தில் “சாந்தி, கிரௌன், புவனேஸ்வரி” என்ற மூன்று பெயர்களும் சேர்ந்தே வரும். 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா என்று வந்தது. தியேட்டர் பெயரைச் சொன்னால் யார் படம் என்று சொல்லிவிடும் ரசிகர்கள் இருந்தார்கள். மற்ற பேட்டைக்காரர்கள் தங்கள் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பஸ் ஏறி மவுண்ட் ரோட்டுக்கு வர வேண்டும். படம் நூறு நாள் ஓடியது இப்படித்தான். ஊரே முறை வைத்துக்கொண்டு ஒரு கூரைக்குக் கீழே வந்து போக அத்தனை நாள் பிடித்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்ததற்கும் அடிப்படை இதுதான்.

பெரிய கூட்டத்துக்குப் பெரிய முகப்பு வேண்டும். 1957-இல் ‘வணங்காமுடி’க்காகச் சித்ரா தியேட்டர் வாசலில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜியின் பிரம்மாண்ட கட்-அவுட்டைப் பார்க்கவே மக்கள் வந்தார்கள் என்பார்கள். பிறகு அது மவுண்ட் ரோட்டின் வழக்கமாயிற்று. சாரத்தில் ஏறிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கண்ணை மட்டும் ஒருவர், மீசையை மட்டும் ஒருவர் என்று எழுதிய ஓவியர்கள் ஒரு படையே இருந்தார்கள். டிக்கெட் வாங்காதவர்களுக்கும் அந்தச் சாலை ஒரு கண்காட்சிதான்.

தியேட்டரை நம்பி வாழ்ந்த உறவுகள் இன்னும் பலர். கார்பன் குச்சிகளின் இடைவெளியைக் கண் எடுக்காமல் சரிசெய்து கொண்டிருந்த ஆபரேட்டர், டார்ச் அடித்து இருக்கை காட்டுபவர், வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றவர், இடைவேளை மணிக்காகத் தட்டோடு நின்ற முறுக்கு வியாபாரி, சைக்கிள் ஸ்டாண்டில் சாக்பீஸால் நம்பர் போட்டவர். கடைசியாக, சட்டம் ஒப்புக்கொள்ளாத ஆனால் எல்லோரும் அறிந்த ஒரு நெருங்கிய சொந்தம்: “ரெண்டு அஞ்சு, ரெண்டு அஞ்சு” என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே நம்மைக் கடந்து போகும் பிளாக் டிக்கெட்காரர்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்பார்கள். இவருக்கு அந்தச் சலுகை வேண்டாம், தாங்கிக்கொள்வார். முன்வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாற்காலியில் மூட்டைப்பூச்சி இருக்கும், கழிப்பறையின் திசையைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கம்பிக்கூண்டுக்குள் வரிசை நிற்பதென்றால், முன்னால் இருப்பவர் முதுகும் பின்னால் இருப்பவர் வியர்வையும் நம்முடையதே. ஒரே கூரை என்று பெருமையாகச் சொன்னாலும் அதற்குள் பிரிவினை கறாராக இருந்தது. பால்கனிக்காரருக்குத் தனி வாசல், தனிப் படி. முன்வரிசைக்காரர் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து அதே சந்து வழியாகவே வெளியேற வேண்டும். விசிலும் கைதட்டலும் மட்டும்தான் மேலும் கீழும் தடையில்லாமல் போய்வந்தன.

பெண்களைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் மோசம். அவர்களுக்குத் தனி கவுன்ட்டர் உண்டு. அதனாலேயே முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் “அக்கா, எனக்கு ரெண்டு டிக்கெட்” என்று காசை நீட்டுவார்கள். ஆனால் ஒரு பெண் தனியாக வந்து, தனியாக உட்கார்ந்து, நிம்மதியாகப் படம் பார்த்துவிட்டுப் போவது அரிது. இரவுக் காட்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. புளூ டைமண்ட் நாற்காலியில் தூங்கிய சுதந்திரம் பெரும்பாலும் ஆண்களின் சுதந்திரம். மால் தியேட்டர்கள் வந்தபோது பெண்கள் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை, பழம்பெருமை பேசுகிறவர்கள் மறக்கக் கூடாது.

எப்படிச் செத்தார் என்ற கேள்விக்குப் பலரும் தொலைக்காட்சியைக் கை காட்டுவார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. ஞாயிறு மாலைப் படம் தியேட்டரைக் காயப்படுத்தியது. எண்பதுகளில் வாடகை வீடியோவும், தொண்ணூறுகளில் கேபிளும் சன் டிவியும் மேலும் காயப்படுத்தின. ஆனால் அந்தக் காயங்களோடும் சாந்தியில் 2005-இல் வந்த ‘சந்திரமுகி’ 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ‘ஹரிதாஸ்’ வைத்த சாதனையைத் தாண்டியது. படத்தைத் தயாரித்ததும் தியேட்டர் குடும்பம்தான் என்பதை மறைப்பதற்கில்லை. அப்படியே இருந்தாலும், ஒரு பழைய தியேட்டர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பேசிய கடைசிப் பேச்சு அது.

உயிரை எடுத்தவர்கள் இருவர். முதலாவது, புரொஜெக்டரில் நடந்த மாற்றம். 2000-களின் நடுவில் டிஜிட்டல் திரையிடல் பரவியதும் பிரதி என்பது விலையுள்ள சரக்காக இல்லாமல் போனது. ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தைப் போடலாம். போட்டார்கள். முதல் மூன்று நாள் வசூலே படத்தின் தலையெழுத்து என்றாயிற்று. அம்பத்தூர்க்காரருக்கு அம்பத்தூரிலேயே படம் ஓடும்போது அவர் எதற்கு மவுண்ட் ரோடு வர வேண்டும்? ஆயிரம் பேர் உட்காரும் அரங்கு, பிரதிகள் அரிதாக இருந்த காலத்துக்காகக் கட்டப்பட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு நிரம்பும். திங்கட்கிழமை மேட்னிக்கு நாற்பது பேர் வருவார்கள், அந்த நாற்பது பேருக்காக ஆயிரம் பேருக்கான குளிர்சாதனத்தை ஓட்ட வேண்டும். சிறு சிறு அரங்குகளாகப் பிரித்தவர்கள் பிழைத்தார்கள். பிரிக்க முடியாதவர்கள் மின்கட்டண ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, காலுக்குக் கீழே இருந்த மண். டிக்கெட்டின் உச்சவரம்பை அரசு நிர்ணயித்தது. நிலத்தின் விலைக்கு உச்சவரம்பு இல்லை. மவுண்ட் ரோட்டில் ஒரு மனை என்ன விலை போகும் என்று தெரிந்த எந்த வாரிசும், பழைய படத்தைப் போட்டுப் பத்துப் பேருக்கு டிக்கெட் கிழிக்க மாட்டார். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தாத்தா தியேட்டர் கட்டியபோது அது லாபமான தொழில், பேரன் காலத்தில் அந்த மனையில் அலுவலகக் கட்டடம் லாபமான தொழில். வெலிங்டன் இருந்த இடத்தில் வெலிங்டன் பிளாசா எழுந்தது. பாரகன் குடியிருப்பானது. சஃபையரை இடித்த மனை மட்டும் பல ஆண்டுகள் எதுவும் எழும்பாமல் வெறும் தரையாகவே கிடந்தது. மூன்று அரங்குகளைக் கொன்று ஒரு பொட்டல் வாங்கினோம்.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மதுரையில் 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று ஊர்க்காரர்கள் மார்தட்டிக்கொண்ட தங்கம் தியேட்டரும், அதற்கு மூத்த சிந்தாமணியும் இருந்த இடங்களில் இன்று ஜவுளிக் கடைகள். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் நிறுவிய வெரைட்டி ஹால் டாக்கீஸ், டிலைட் என்ற பெயரில் நெடுங்காலம் தாக்குப்பிடித்து, கடைசியில் அதுவும் போனது. வெரைட்டி ஹால் ரோடு என்று தெருவுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. எல்லா ஊரிலும் கதை ஒன்றே: ஊரின் நடுவில் இருந்ததால் பிறந்தது, ஊரின் நடுவில் இருந்ததாலேயே செத்தது.

இப்போது படம் பார்க்க வழியில்லாமல் யாரும் தவிக்கவில்லை. முன்பு கனவிலும் காணாத துல்லியத்தில் படமும் ஒலியும் கிடைக்கின்றன. கைபேசியில் ஓடாத படமில்லை. சினிமாவுக்காக யாரும் அழ வேண்டாம், அது சௌக்கியமாக இருக்கிறது. போனது வேறு. மவுண்ட் ரோட்டில் இன்று ஒருவர் எங்கே உட்காரலாம்? அலுவலகத்தில் உட்கார வேலை வேண்டும். கடைக்குள் உட்கார வாங்குகிற முகம் வேண்டும். காபிக் கடையில் உட்கார, ஒரு நாள் சாப்பாட்டுக் காசை ஒரு கோப்பைக்குக் கொடுக்க வேண்டும். மாலில் உட்காரலாம்தான், காவலாளி வந்து ஏற இறங்கப் பார்க்கும் வரை.

சட்டத்துக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. சென்னை மல்டிபிளெக்ஸ்களில் டிக்கெட் 120 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, முன்வரிசையில் சில இருக்கைகளைப் பத்து ரூபாய்க்கு விற்றாக வேண்டும் என்று 2017 விலையேற்றம் வரை விதி இருந்தது. அந்த இருக்கைகளைப் பிடிப்பது சுலபமாக இருக்கவில்லை, எப்போது விற்றுத் தீர்ந்தன என்பதே பலருக்குப் புலப்படாத ரகசியமாக இருந்தது. ஆனாலும் காகிதத்தில் அப்படி ஒரு வரி இருந்தது. நகரத்தின் விலை உயர்ந்த இடத்திலும் விலை குறைந்த ஓர் இருக்கை இருக்க வேண்டும் என்று அரசாணை ஒன்று ஒத்துக்கொண்டிருந்தது.

அந்த எண்ணத்தைத் தியேட்டரோடு சேர்த்துப் புதைக்க வேண்டியதில்லை. நூலகமாகவோ, மரத்தடித் திண்ணையாகவோ, மெட்ரோ நிலையத்து வாசலில் நாலு பெஞ்சாகவோ அது மறுபிறவி எடுக்கலாம். அதுவரை, மவுண்ட் ரோட்டுத் தியேட்டர்களுக்கு அவை இருந்த தெருவிலேயே ஓர் இரங்கல் கூட்டம் போடலாம் என்று யாராவது முன்வந்தால் நானும் வருகிறேன். ஒன்றே ஒன்று, அந்தக் கூட்டத்தை நாம் நின்றுகொண்டேதான் நடத்த வேண்டியிருக்கும்.